பாலத்துக்குச் சாரம் கட்ட வரும் மேஸ்திரிக்கு

மேஸ்திரி அவர்களுக்கும், கூட வரும் கொத்தனார், கம்பி வேலைக்காரர், சித்தாள் எல்லாருக்கும் வணக்கம்.

இந்தப் பாலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தெலுங்கில் ஒரு மனு ஏற்கெனவே போய்விட்டது. பாலத்தடியில் தகைவிலான் குருவிகள் கட்டியிருக்கிற மண்கூடுகளை, குஞ்சு பறந்து போகும்வரை கழியால் தட்டிவிடவேண்டாம் என்பதுதான் விஷயம். பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக்கொடுத்தாள், நான் கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்திய நகல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அது மேசை மேசையாக நகரட்டும். இந்த மடல் தமிழில், எல்லாரும் படிக்கிற மாதிரி, உங்களுக்கு. மனுவைப் படிக்கிறவர் பாலத்துக்கு மேலே ஜீப்பில் வந்து போவார். கையில் கழியோடு பாலத்துக்கு அடியில் அண்ணாந்து நிற்கப்போவது நீங்கள்தான். போன தடவை வந்த ஆட்கள் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள். இந்த முறையும் அப்படித்தான் என்று டீக்கடையில் பேச்சு.

நானும் கரண்டி பிடித்தவன்தான். முப்பத்தோரு வருஷம். நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு என்று இரண்டு மாநிலத்திலும் நான் பூசிய சுவர்கள் நிற்கின்றன. இந்தப் பக்கம் வேலை செய்தால் தாபி மேஸ்திரி என்பார்கள், அந்தப் பக்கம் போனால் கொத்தனார். 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு போயின. நகரி ஆந்திரத்திலேயே நின்றது, அதோடு எங்கள் ஊரும் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தேன். புத்தூர்க் கட்டுப் போட்டதில் எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கால் இனி ஏணி ஏறாது. பாலத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு குருவி பார்க்கிற சோம்பேறித்தனம் அப்படி வாய்த்ததுதான்.

பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு கண் பாலம். குசஸ்தலை ஆற்றில் போய்ச் சேருகிற ஓடைமேல் நிற்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். மூன்றாவது கண்ணிலும் நாலாவது கண்ணிலும் பீமும் ஸ்லாபும் சேருகிற உள்மூலையில் மண்கூடுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கான்கிரீட்டில் ஏதோ கட்டி புடைத்த மாதிரி இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். மூன்றாவது கண்ணில் 64, நாலாவதில் 41. இரண்டு தடவை எண்ணி இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. இது மூன்றாவது கணக்கு.

கட்டியவர் தகைவிலான் குருவியில் ஒரு வகை, 11 சென்டிமீட்டர் நீளம், ஊர்க்குருவியைவிடச் சின்னவர். உச்சந்தலை செங்கல்பொடி நிறம். முதுகு கருநீலம், வெயிலில் பளபளக்கும். தொண்டையிலும் மார்பிலும் பென்சிலால் கீறிவிட்டது போலக் கோடுகள். மற்றத் தகைவிலான்கள் பலவற்றுக்கு வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருக்கும், இதற்கு நேராக வெட்டிவிட்ட மாதிரி. தகைதல் என்றால் தடைபடுதல், களைத்துப்போதல் என்று இரண்டு பொருளும் உண்டு. இரண்டும் இல்லாதவன் தகைவிலான். தெலுங்கில் வானகோயில என்கிறார்கள். அங்கே வான என்றால் மழை. 1855-ல் எட்வர்ட் பிளைத் என்பவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, ஆற்றில் குடியிருப்பது என்று பொருள்படும்படி ஃப்ளூவிகோலா என்று சேர்த்தார். வற்றிப்போன ஆற்றில் குடியிருக்கிறவர்கள் என்றால் எங்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இதை உழவாரன் என்று நினைத்துவிடாதீர்கள். உழவாரன் கம்பியில் உட்காராது, புல்லையும் இறகையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். இது கம்பியில் வரிசையாக உட்காரும். மண்ணால் கட்டும். நம் சாதி.

அந்த வேலையைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு யாரிடம் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் வேலை தொடங்கிவிடும். ஈரமண் இருக்கிற இடத்தில் பத்து இருபது சேர்ந்து இறங்கும். கால் மட்டும் சேற்றில் பட்டும் படாமலும் இருக்க, இறக்கையை மேலே தூக்கிப் படபடவென்று அடித்தபடியே குனிந்து ஒரு வாய் மண் எடுக்கும். சின்ன உருண்டைதான், துவரம்பருப்பளவு. அதைக் கொண்டுபோய் மூலையில் ஒட்டும்போது அலகை வைத்து அழுத்தி, தலையைக் கிடுகிடுவென்று ஆட்டும். கட்டிலில் படுத்தபடி இதை முதல் தடவை பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாம் கான்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் விடுகிறோமே, அதேதான். காற்றுக் குமிழ் போய் மண் இறுகி உட்காரும்.

வெயில் ஏறியதும் நிறுத்திவிடும். பூச்சி பிடிக்கப் போய்விடும். இன்றைக்கு வைத்த வரி காயாமல் அடுத்த வரி வைத்தால் மொத்தமும் பெயர்ந்து விழும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. என் முதல் மேஸ்திரி இதை எனக்குப் புரியவைக்க ஒரு வருஷமும் நாலு அறையும் தேவைப்பட்டன.

முதலில் ஒரு கிண்ணம். அப்புறம் வயிறு மூடும். கடைசியில் சுரைக்குடுக்கையின் கழுத்து மாதிரி ஒரு குழாய் நீளும், அதுதான் வாசல். உள்ளே புல்லும் இறகும் மெத்தை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பொதுச்சுவர். பக்கத்துக் கூட்டுச் சுவரே இதற்கும் சுவர். அதன் முதுகில் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே ஒரு பொதுச்சுவருக்காகப் பதினொரு வருஷமாகச் சித்தூர்க் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள். சென்டரிங் கிடையாது, தூக்குக்குண்டு கிடையாது, தலைகீழாகத் தொங்குகிற மண்சுவர். நீங்களும் நானும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க முயன்றாலும் ஒன்று கட்டிக் காட்டமுடியாது.

வறண்ட ஊரில் இதற்குச் சேறு கிடைப்பதுதான் பெரும்பாடு. நல்ல வருஷமாக இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் ஓடை ஓடும். தை பிறக்கும்போது ஆங்காங்கே குட்டையாகத் தேங்கி, ஓரம் வற்ற வற்றக் களிமண் வெளியே தெரியும். அந்தச் சில வாரம்தான் இவற்றுக்குக் கட்டுமானக் காலம். ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, குட்டையே இல்லை. பாலத்தை ஒட்டிப் போகிற குடிநீர்க் குழாயில் ஒரு வால்வு கசிந்துகொண்டிருந்தது. தட்டு அகலத்துக்குச் சேறு. அந்த ஒரு தட்டுச் சேற்றை வைத்து இரண்டு கண்ணிலும் வேலை நடந்தது. அப்போது ஸ்பேனரோடு ஒருவர் வந்து வால்வை முடுக்கிவிட்டுப் போனார். அவரை என்ன குறைசொல்ல? மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில் கசிவை விட்டுவைக்க முடியுமா? ஆனால் கூடுகளெல்லாம் கிண்ணமாகவே நின்றுவிட்டன. பறவைகள் கம்பியில் உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. என் பேத்தி தினம் பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். மணலில் ஊற்றாதே, களி இருக்கிற இடமாகப் பார்த்து ஊற்று என்று சொன்னது மட்டும்தான் நான் செய்தது. மூன்றாம் நாள் காலை இறங்கிவிட்டன.

சரி, இப்போது நான் செய்ததையும் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பத்தொன்பது வயதில் கையாளாக இருந்தபோது ஒரு பெரிய பாலத்தில் வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனேன். அடியில் இதே மாதிரிக் கூடுகள். தட்டிவிடுடா என்றார் மேஸ்திரி. மூங்கில் கழி கொடுத்தார்கள். தட்டினால் காய்ந்த வறட்டி உடைகிற ஓசை வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணில் மண் விழாமல் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. கழி வழியாக மஞ்சளாக ஏதோ கைக்கு வழிந்து, அதைத் தூணிலேயே துடைத்துவிட்டு மேலே வெள்ளையடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அரை நாளில் முடித்துவிட்டோம் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆகவே கழி பிடிக்கிறவனைத் திட்ட எனக்கு வாய் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பாலத்தில் நடந்தபோது நான் கட்டிலில் இருந்தேன். மாசி மாதம். காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் கழியோடு வந்து பதினொரு மணிக்குள் இரண்டு கண்ணையும் சுத்தமாக்கிவிட்டார்கள். மணலில் முட்டைக் கோதும், கண் திறக்காத குஞ்சுகளும். காகம் வந்தது, நாய் வந்தது. ஒரு சித்தாள் பெண் ஏழெட்டுக் குஞ்சுகளைச் சிமெண்டுச் சட்டியில் பொறுக்கிப் போட்டுத் தூண் நிழலில் வைத்தாள். பெரிய பறவைகள் சட்டிப் பக்கமே வரவில்லை. வாய் நிறையப் பூச்சியோடு, கூடு இருந்த மூலையையே சுற்றிச் சுற்றி வந்தன. சாயங்காலத்துக்குள் சட்டியில் அசைவு நின்றுவிட்டது. அந்தப் பெண் மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறக்கவே இல்லை. பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த முறையும் அவள் உங்களோடு வந்தால் இந்த மடலை முதலில் அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. அன்றைக்குச் சுத்தம் செய்த அந்த இரண்டு கண்ணிலும் பூச்சுவேலை தொடங்கினது ஆறு வாரம் கழித்து. இடையில் ஜல்லி வரவில்லை, அப்புறம் ஆள் வரவில்லை. ஆறு வாரம்! முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, பறந்து போயிருக்கும். மூலை காலியாகவே உங்கள் கைக்கு வந்திருக்கும்.

பாலம் பலமாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. 2021 நவம்பர் மழையில் சித்தூர் ஜில்லா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இந்த ஓடையே அன்றைக்குத் தூண் கழுத்துவரை போயிற்று. இரண்டாவது தூண் அடியில் மண் அரித்த பள்ளத்தில் நான் இறங்கி நின்றிருக்கிறேன், இடுப்பளவு. இந்தப் பாலத்துமேல்தான் கரும்பு லாரி போகிறது, பள்ளிக்கூட வேன் போகிறது. மண்கூடு கான்கிரீட்டைத் தின்றுவிடாது. ஆனால் கூட்டுக்குப் பின்னால் விரிசலோ, கம்பி துருப்பிடித்து ஸ்லாப் உப்பினதோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது நிஜம். தட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். எப்போது தட்டுவது என்பதில்தான் என் வழக்கு.

இதில் ஒரு சங்கடம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஓடை வற்றினால்தான் உங்களுக்குச் சாரம் நிற்கும். ஓடை வற்றத் தொடங்கினால்தான் அவற்றுக்குச் சேறு கிடைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தம். போதாக்குறைக்கு மார்ச் 31-க்குள் பில் போடவேண்டும் என்று ஒப்பந்தக்காரர் உங்கள் தலையில் உட்கார்ந்திருப்பார். நிதியாண்டு வைத்தவருக்குக் குருவியைப் பற்றி என்ன தெரியும்.

அதனால் ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனாரிடம் கேட்கிற மாதிரி கேட்கிறேன். ஏழு கண்ணில் ஐந்து கண் காலி. ஏழாவதிலிருந்து ஆரம்பியுங்கள், ஏழு, ஆறு, ஐந்து, அப்புறம் அந்தப் பக்கம் போய் ஒன்று, இரண்டு. தூண் அடியில் அரித்த பள்ளத்துக்குக் கல் கட்டுகிற வேலை, மேலே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வேலை, கைப்பிடிச் சுவர், இதற்கெல்லாம் மூலையில் கை வைக்கவே தேவையில்லை. இவை முடியவே சித்திரை ஆகிவிடும். மூன்றும் நாலும் கடைசியில் இருக்கட்டும். வேலை அளவு குறையப்போவதில்லை, சாரம் நகரும் வரிசை மட்டும் மாறும்.

எந்தத் தேதிக்கு மேல் தட்டலாம் என்று கேட்பீர்கள். தேதி சொல்லமாட்டேன். இந்தப் பறவை ஊருக்கு ஊர், மழைக்கு மழை காலம் மாற்றும். எங்கள் பாலத்திலேயே சில வருஷம் தையில் ஒரு ஈடு குஞ்சும், மழை பார்த்து ஆடி ஆவணியில் இன்னொரு ஈடு குஞ்சும் எடுக்கும். காலண்டரை விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள். காலை ஆறரைக்கு வந்து அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பறவை குழாய்க்குள் போனதும் உடனே வெளியே பாய்ந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது, தீனி கொடுக்கிறது. போனது வெகுநேரம் வராவிட்டால் அடைகாக்கிறது. கூட்டுக்கு நேர் கீழே மணலில் எச்சம் ஈரமாக, வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எச்சம் பழசாகிக் காய்ந்து, இரண்டு மூன்று நாள் யாரும் போகவர இல்லாவிட்டால் காலி. முட்டை மூன்று நாலு இடும். தகைவிலான் இனத்தில் பொதுவாக அடைக்கு இரண்டு வாரம், குஞ்சு பறக்க அதற்குமேல் மூன்று நாலு வாரம். ஆக ஆறு வாரம். போன தடவை சும்மா கிடந்த அதே ஆறு வாரம்.

காலியானதிலும் தேவைப்படுகிற இடத்தை மட்டும் தட்டுங்கள். பழைய கூட்டை மராமத்து செய்து மறுபடி குடியேறுவதும் இவற்றின் பழக்கம்; சேறு கிடைக்காத வருஷத்தில் அதுதான் கைகொடுக்கும். சிலதில் ஊர்க்குருவி புகுந்துவிடும், அது அவற்றுக்குள் நடக்கிற வீட்டு வழக்கு.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, காட்டுப்பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் முட்டை, கூடு இவற்றைக் கலைப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. தட்டிவிடு என்று மேலே இருந்து யாராவது அவசரப்படுத்தினால், அவரிடம் நீங்கள் சொல்வதற்கு ஒரு வார்த்தை வேண்டுமே என்றுதான்.

குருவியால் என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் ஊரிலும் உண்டு. கரும்புத் தண்டைத் துளைக்கிற புழுவை எல்லாம் இது ஒழித்துவிடும் என்று அளக்கமாட்டேன். இது பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடிக்கிற ஜீவன். கொசு, ஈ, சின்ன வண்டு, மழை விட்டால் ஈசல். சாயங்காலம் மாடுகள் ஓடையைத் தாண்டி வரும்போது அவற்றின் காலடியில் கிளம்புகிற பூச்சிக்காக இவை முட்டி உயரத்தில் பறக்கும், மாட்டின் நாலு காலுக்கு நடுவில் புகுந்து வெளியே போகும். மாடு நின்று பார்க்கும். பூச்சி தின்கிற பறவைகள் நாடு முழுக்கக் குறைந்துவருவதாக 2023-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையில் இருக்கிறது என்று பேத்தி செல்போனில் படித்துக் காட்டினாள். எங்கள் பாலத்தில் குறைந்ததற்கு அறிக்கை தேவைப்படவில்லை. அந்த மாசிக்கு அப்புறம் ஒரு வருஷம் முழுக்க அந்த மூலைகளில் ஒரு உருண்டை மண்கூட ஏறவில்லை. இந்தத் தையில்தான் திரும்பி வந்திருக்கின்றன.

நேற்று சாயங்காலம்கூடப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது கண்ணில் பாதிக் கூடுகளில் குழாய் நீண்டுவிட்டது. எச்சம் புதிதாக விழுகிறது. நாலாவதில் இன்னும் கிண்ணம்தான். ஏழாவது கண்ணில் ஒரு வௌவால்கூட இல்லை, தாராளமாகச் சாரம் ஏற்றலாம். கழி பற்றாவிட்டால் என் வீட்டுக் கொல்லையில் சவுக்குக் கழி முப்பதுக்குமேல் சும்மா கிடக்கிறது, கயிறும் இருக்கிறது. நான் இனி ஏறப்போவதில்லை. பாலத்தைத் தாண்டியதும் வலதுபக்கம் மூன்றாவது வீடு. வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏணியை விட்டு இறங்கிய ஒரு கொத்தனார்